டவுன் நிலத்தில் கீரை: உழவர் சந்தை அட்டை வாங்கிய கதை

எங்கள் ஊர் 2011இல் மாநகராட்சிக்குள் வந்தது. சென்னை, கோவை, மதுரை எல்லாம் அந்த ஆண்டில்தான் சுற்றியிருந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு பெரிதாயின. எங்களுடையது எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அதே அலுவலகங்களின் படியை நான் இனியும் மிதிக்க வேண்டியிருக்கிறது.

அத்தை பெயரில் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம், ஒரு கிணறு, விவசாய மின் இணைப்பு. அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி, பாலக்கீரை என்று கீரைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. வரப்போரம் முருங்கையும் கொஞ்சம் கத்தரியும் உண்டு. மூன்று பக்கம் வீடுகள், ஒரு பக்கம் அடுக்குமாடி. விடியற்காலையில் மண்டி ஆள் வண்டியோடு வந்து, அவர் சொல்லும் விலைக்குக் கட்டுகளை அள்ளிக்கொண்டு போவார். எங்கள் வயலில் பறித்த அதே கட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடையில் என்ன விலைக்கு விற்கிறது என்பதை அத்தை ஒருநாள் நேரில் பார்த்துவிட்டார். அன்றே உழவர் சந்தை அட்டைக்கு எழுதிப் போடச் சொன்னார்.

முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. பஞ்சாபில் 1987 முதல் நடந்துவந்த அப்னி மண்டியும், அதே 1999இன் தொடக்கத்தில் ஆந்திராவில் வந்த ரைத்து பஜாரும் அதற்கு முன்னோடிகள். கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் சந்தையிலேயே கொடுப்பார்கள். விளைவித்தவர்தான் விற்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. வியாபாரி ஒருவர் நுழைந்துவிட்டால் பத்துப் பேரை உள்ளே இழுத்துவிடுவார் என்பதால் அடையாள அட்டை விஷயத்தில் கெடுபிடி அதிகம். கெடுபிடி இருக்கட்டும் என்பதுதான் என் கட்சியும்.

சந்தை அலுவலகத்தில் கேட்டவை வழக்கமானவைதான்: புகைப்படம், ஆதார், குடும்ப அட்டை நகல், பட்டா, சிட்டா, அடங்கல். இந்தக் கடைசிச் சொல்லில்தான் எங்கள் வண்டி நின்றது.

அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில், எந்தப் போகத்தில், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைக்கும் கணக்கு. நீங்கள் இந்த ஆண்டு உழுதீர்களா, தரிசாகப் போட்டீர்களா என்பதற்கு அரசிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான். பட்டாவைப் பார்த்தால் நிலம் யாருடையது என்று தெரியுமே தவிர, அதில் என்ன நடக்கிறது என்று தெரியாது. எங்கள் பகுதியில் நகர நில அளவை (டவுன் சர்வே) முடிந்து, பழைய புல எண்கள் போய் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று மாறியிருந்தன. வருவாய்த் துறையின் இணையதளத்தில் நில விவரம் பார்க்கப் போனால், நிலம் கிராமப்புறத்தில் இருக்கிறதா நகர்ப்புறத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கும். நகர்ப்புறம் என்று கொடுத்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் கிடைக்கும். பரப்பு, உரிமையாளர் பெயர் எல்லாம் அதில் இருந்தன. பயிருக்கு இடமில்லை.

கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனிதர். ஆனால் கையைப் பிசைந்தார். “அம்மா, உங்கள் நிலம் டவுன் சர்வேக்குப் போய்விட்டது. இல்லாத கணக்கில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்காக நானும் திரும்பிப் போக முடியாதே.

இதற்குள் பக்கத்து மனைத் தரகர் ஒருவர் அத்தையிடம், “இது குடியிருப்பு மண்டலம் அம்மா, இங்கே விவசாயம் செய்வதே சட்டப்படி தப்பு, நல்ல விலை வரும்போதே கொடுத்துவிடுங்கள்” என்று ஓதியிருந்தார். ஊர் முழுக்க இந்தப் பேச்சு உண்டு. வதந்திக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட வரைபடத்தைப் பார்ப்பது மேல் என்று, புலப்பட நகலையும் பதிவேட்டு நகலையும் எடுத்துக்கொண்டு உள்ளூர்த் திட்டக் குழும அலுவலகத்துக்குப் போனேன். முழுமைத் திட்டத்தில், அதாவது மாஸ்டர் பிளானில், எங்கள் நிலம் மஞ்சள் நிறத்தில் இருந்தது. மஞ்சள் என்றால் குடியிருப்பு. தரகர் சொன்னதில் அந்தப் பாதி உண்மை.

மறுபாதி பொய். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் முழுமைத் திட்டம், இனி அந்த இடத்தில் என்ன கட்ட அனுமதி கேட்கலாம், எதற்குக் கேட்க முடியாது என்பதைச் சொல்கிறது. நடந்துகொண்டிருக்கும் சாகுபடியை நிறுத்தச் சொல்வதில்லை. அங்கிருந்த வரைவாளர் சிரித்துக்கொண்டே, “கீரைப் பாத்தி போட யாரும் பிளான் அப்ரூவல் கேட்டு வந்ததில்லையே” என்றார். எழுத்தில் ஒரு வரி தர முடியுமா என்று கேட்டேன். நிலப் பயன்பாட்டுச் சான்று தரலாம், அதில் மண்டலம் குடியிருப்பு என்று மட்டும்தான் இருக்கும் என்றார். அந்தச் சான்று என் கையில் இருந்தால் எனக்கே எதிரான சாட்சி. வாங்கவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. விவசாய மண்டலத்தில் இருக்கும் நிலத்தை வீட்டுமனையாக மாற்ற வேண்டுமா? அதற்குப் படிவம் உண்டு, கட்டணம் உண்டு, நாளிதழில் அறிவிப்பு உண்டு, ஆட்சேபம் சொல்ல அவகாசம் உண்டு. குடியிருப்பு மண்டலத்தில் இருக்கும் வயல் வயலாகவே தொடர வேண்டுமா? அதற்குப் படிவமே கிடையாது. தடையும் இல்லை, அங்கீகாரமும் இல்லை. இந்த இடைவெளியில்தான் தரகரின் பேச்சு பிழைக்கிறது.

இந்தச் சமயம் பார்த்துக் காலிமனை வரிக்கான அறிவிப்பு வீட்டுக்கு வந்தது. பல வருடத்துக்கு நிலுவை என்று போட்டிருந்த தொகையைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் வயிறு கலங்கியது. வரி விதிப்பவர்களின் பதிவில் எங்கள் நிலத்தில் கட்டடம் இல்லை, ஆகவே காலிமனை. ஆனால் நகராட்சி, மாநகராட்சிச் சட்டங்களில் இந்த வரிக்கான விதியிலேயே, விவசாயத்துக்கு மட்டுமே பயன்படும் நிலத்துக்கு விலக்கு இருக்கிறது. விதியைக் குறிப்பிட்டு, கிணறும் பாத்தியும் தெரியும்படி எடுத்த படங்களையும் மின்வாரியத்தின் விவசாய இணைப்பு அட்டை நகலையும் இணைத்து, பதிவுத் தபாலில் ஒன்றும் நேரில் ஒன்றுமாக மனு கொடுத்தேன். பில் கலெக்டர் வந்து பார்த்துவிட்டு, வரப்பில் நின்றபடியே குறிப்பு எழுதிக்கொண்டு போனார். பிறகு அறிவிப்பை நிறுத்தி வைத்தார்கள்.

இதே நிலைமையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘மட்டுமே’ என்றால் மட்டுமேதான். எங்களுக்குத் தெற்கே ஒருவர் வயலின் ஒரு மூலையை விளம்பரப் பலகைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவர் மனு நிற்கவில்லை.

வரி மனுவால் இன்னொரு நன்மையும் விளைந்தது. விவசாயம் நடக்கிறது என்று ஒரு துறை எழுதி வைத்துவிட்டால், அடுத்த துறையிடம் அதைக் காட்டலாம். அந்த நகலோடு மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனேன். மாவட்ட ஆட்சியர் தலைமையில் எல்லாத் துறை அதிகாரிகளும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் வாய்க்கால், கரும்பு நிலுவை, காட்டுப்பன்றி என்றுதான் பேச்சு ஓடும். மாநகராட்சி வார்டு எண்ணைச் சொல்லி ஒரு பெண் எழுந்து நின்றதும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் சலுகை எதுவும் கேட்கவில்லை. டவுன் சர்வேக்குப் போன நிலத்தில் சாகுபடி நடந்தால், அடங்கலுக்குப் பதிலாக எந்தச் சான்றை யார் தர வேண்டும் என்று மட்டும் கேட்டேன். மனு இப்படி ஒரே கேள்வியாக இருந்தால் நல்லது. துறைக்குத் துறை தள்ளிவிட முடியாது. அங்கே கொடுத்த மனுவுக்கு அடுத்த கூட்டத்தில் எழுத்தில் பதில் வைத்தார்கள்: தோட்டக்கலைத் துறையும் கிராம நிர்வாக அலுவலரும் கூட்டாகப் புலத்தணிக்கை செய்து, சாகுபடிச் சான்று வழங்கலாம். இரண்டு வரி. நான் அதை இருபது நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

தணிக்கைக்கு வந்த தோட்டக்கலை உதவி அலுவலர் ஓர் இளைஞர். செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கியதும் எனக்குத் தைரியம் வந்தது. வியாபாரி ஒருவர் வயலை வாடகைக்கு எடுத்துக் காட்டுகிறாரா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. கேள்வி எல்லாம் அத்தையிடம்தான். இந்தப் பாத்தி விதைத்து எத்தனை நாள்? இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. அடுத்த வாரம் பறிப்பீர்களா, அறுப்பீர்களா? “சிறுகீரையை எவனாவது அறுப்பானா? வேரோடு பிடுங்க வேண்டியதுதான். அந்தப் பக்கம் நிற்கிறதே அரைக்கீரை, அதுதான் அறுக்க அறுக்கத் துளிர்க்கும்” என்று அத்தை அரிவாளை எடுத்து ஒரு பிடி அறுத்தே காட்டிவிட்டார். அடித்தண்டை விரல் அளவு விட்டு அறுத்த அந்த இடத்தை அலுவலர் குனிந்து பார்த்தார். பழைய அறுப்பின் வடு இரண்டு மூன்று அதே தண்டில் இருந்தது. குறிப்பேட்டில் என்ன எழுதினாரோ, அதற்குப் பிறகு கேள்வி இல்லை. பாத்திகளை எண்ணி, ஒரு பாத்திக்கு எத்தனை கட்டு என்று கணக்குப் போட்டார். இந்தக் கணக்கு முக்கியம். பரப்புக்கு மீறிய சரக்கை நாளைக்குச் சந்தைக்குக் கொண்டுபோனால், எங்கே வாங்கினாய் என்று கேட்பதற்கு அதுதான் ஆதாரம். ஆசைப்பட்டுக் கூட்டிச் சொல்லாதீர்கள், பயந்து குறைத்தும் சொல்லாதீர்கள்.

அதன் பின் அட்டை வருவதற்கு அலைச்சல் எதுவும் இல்லை. புகைப்படம் ஒட்டி, பயிர்களின் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். புதிதாக ஒரு பயிர் போட்டால் சொல்லிச் சேர்க்க வேண்டும். நாங்கள் பிறகு புதினாவைச் சேர்த்தோம்.

சந்தையின் விலை முறையைப் பற்றிப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மொத்த விலையை விசாரித்து, அதற்கு மேலேயும் சில்லறை விலைக்குக் கீழேயும் ஒரு விலையை அதிகாலையில் நிர்ணயித்துக் கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். அதற்கு மேல் விற்கக் கூடாது. மழைக்காலத்தில் வெளியே கீரை விலை ஏறும்போது, பலகை விலை நமக்கு அநியாயமாகத் தெரியும். மண்டி ஆள் வண்டியில் ஏற்றிவிட்ட விலையை ஒருமுறை நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

அட்டை வந்த பிறகும் நகரம் நம்மை விடாது. கோழி எருவைக் குவித்து வைத்திருந்ததற்கு அடுக்குமாடியில் ஒருவர் படம் எடுத்துப் புகார் அனுப்ப, சுகாதார ஆய்வாளர் வந்தார். புகாரில் நியாயம் இருந்தது, ஈ மொய்த்தது உண்மை. குழி வெட்டி, எருவைப் போட்டு மண்ணால் மூடினோம். மாடு வாங்கலாம் என்ற யோசனையை மட்டும் தள்ளிப் போட்டிருக்கிறோம். நகர்ப்புறத்தில் கால்நடை, பறவைகள் வளர்ப்பதைக் கட்டுப்படுத்த 1997இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, உரிமம் வேண்டும். அது ஒரு தனி அலைச்சல்.

முழுமைத் திட்டம் திருத்தப்படும்போது வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்பது சட்டம். எங்கள் பகுதிக்கு வரைவு வரும்போது கொடுப்பதற்கான மனுவை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். நிலத்தைப் பச்சையாக்குங்கள், அதாவது விவசாய மண்டலமாக மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நாளைக்கு மகனுக்கு ஒரு வீடு கட்டவும் நானே அலைய வேண்டும், அந்த அளவுக்குத் தியாகி அல்ல நான். குடியிருப்பு மண்டலத்தில் அனுமதிக்கப்படும் பயன்பாடுகளின் பட்டியலில் காய்கறி, கீரைச் சாகுபடியையும் விளைந்த இடத்திலேயே விற்பதையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இதே ஆட்சேபத்தைப் பலர் தனித்தனியாகக் கொடுத்தால் கனம் கூடும். கையெழுத்து மட்டும் போதாது, ஒவ்வொருவரும் தங்கள் நகர அளவை எண்ணையும் பயிரையும் எழுத வேண்டும்.