அங்கோர் வாட்: வலம் வராதீர்கள், இடம் வாருங்கள்

கோயிலுக்குள் நுழைந்தால் நம் கால் தானாக இடப்பக்கம் திரும்பும். கருவறை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்ற பழக்கம் அப்படி. கம்போடியாவின் அங்கோர் வாட் விஷ்ணு கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டாம், அந்தப் பழக்கத்தைக் கழற்றிவிடுங்கள். வெளித் திருச்சுற்றின் புடைப்புச் சிற்பங்கள் வலப்பக்கம் திரும்பி, கருவறை இடக்கைப் பக்கம் இருக்க, அப்பிரதட்சிணமாகப் போனால்தான் வரிசையாக விரியும். ஈமச் சடங்கின் திசை அது. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதைக் கட்டிய கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மனுக்கு இது பள்ளிப்படையாகவும் (இறந்த மன்னனுக்கான நினைவுக் கோயில்) இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருத இதுவும் ஒரு காரணம். வாசல் மேற்கே இருப்பதையும் அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். மேற்கு விஷ்ணுவின் திசை, வாசல் அங்கே இருக்க அதுவே போதும் என்பாரும் உண்டு.

அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 190 மீட்டர் அகல அகழி, அதைத் தாண்டி மதில், பிறகு நீண்ட நடைபாதை, ஒன்றுக்குள் ஒன்றாக உயரும் மூன்று சுற்றுக்கூடங்கள், நடுவே தரையிலிருந்து 65 மீட்டர் எழும் கோபுரம். உள்ளே செம்புரைக்கல், வெளியே குலேன் மலையிலிருந்து வந்த மணற்கல். சாந்து கிடையாது, கல்லோடு கல்லைத் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். கற்களில் தெரியும் வட்டக் குழிகள் தூக்குவதற்காகப் போட்டவை, குண்டு துளைத்தவை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உண்மையான வளைவு இங்கே இல்லை. கல்லைச் சிறிது சிறிதாக உள்ளே பிதுக்கி அடுக்கி உச்சியில் மூடியிருக்கிறார்கள். அதனால் கூடங்கள் குறுகல். நம் ஆயிரங்கால் மண்டபத்தின் விரிவைத் தேடினால் ஏமாற்றம்தான். இந்தக் கூரையின் இணைப்புகள் விலகினால் மழைநீர் உள்ளே இறங்கும். நீரோடு வரும் உப்பு கல்லின் மேல்தோலை உரிக்கும். பாற்கடலைக் கடையும் காட்சி உள்ள கிழக்குச் சுவருக்கு இதுதான் நேர்ந்தது. கூரையைப் பிரித்து, பழைய நீர்வடிகால் முறையை மீட்டு, 2012இல் பணியை முடித்தார்கள். தூண்களின் அடிப்பாகம் செதில் செதிலாக உதிர்வதையும் பாருங்கள். படுகையாகப் படிந்த கல்லைச் செங்குத்தாக நிறுத்தினால் அப்படித்தான் ஆகும்.

சிற்பச் சுவர் உட்பக்கம், தூண்வரிசை வெளிப்பக்கம். ஆகவே வெளிச்சம் வெளியிலிருந்து மட்டுமே வரும். செதுக்கலில் ஆழம் குறைவு என்பதால் பக்கவாட்டு ஒளி இல்லாவிட்டால் எல்லாம் சாம்பல் நிறத் துணி மாதிரி தட்டையாகிவிடும். கிழக்குச் சுவர் காலையில், மேற்குச் சுவர் மூன்று மணிக்கு மேல். விடியலைப் படமெடுக்கக் கூட்டம் மேற்குக் குளக்கரையில் நிற்கும் நேரத்தில் நேராகக் கிழக்குப் பக்கம் போய்விடுங்கள். வரிசை கெட்டாலும் பரவாயில்லை.

அங்கே தெற்குப் பாதியில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடலைக் கடைகிறார்கள். இடப்பக்கம் வாசுகியின் தலைப்புறத்தில் உருண்டை விழிகளும் முகடு வைத்த தலைக்கவசமுமாகத் தொண்ணூறு பேரளவில் அசுரர்கள். வலப்பக்கம் கூம்பு மகுடத்தோடு 88 தேவர்கள், வால் நுனியில் குரங்கு உருவம். நடுவே விஷ்ணு, அடியில் ஆமை. அவசரப்படாமல் மத்தின் அடிப்பக்கம் குனியுங்கள்: சுழலின் வேகத்தில் மீனும் முதலையும் துண்டுதுண்டாகச் சிதறியிருக்கின்றன. ஓரங்களுக்குப் போகப்போக அவை முழு உடம்போடு நீந்தும். சுழற்சியைக் கல்லில் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு சுவர்களையும் (கிழக்கின் வடபாதி, வடக்கின் கிழக்குப் பாதி) வேகமாகக் கடக்கலாம். அவை 16ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. கை தளர்ந்திருப்பது பார்த்த உடனே தெரியும்.

தெற்குச் சுவரில் மன்னனின் ஊர்வலம். யானைமேல் நிற்பவர்களில் யார் பெரியவர் என்று குடைகளை எண்ணினால் போதும், சூரியவர்மனுக்கு 15. அருகே பொறித்த பெயர் பரமவிஷ்ணுலோகன், இறந்த பின் அவனுக்கு வழங்கிய பெயர். படைவரிசையில் ஒரு கூட்டம் மட்டும் கால் ஒட்டாமல், பேசிக்கொண்டு நடக்கும். கல்வெட்டு அவர்களைச் சியாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) என்கிறது. அதற்கு அடுத்தது 37 சொர்க்கங்களும் 32 நரகங்களும். எருமைமேல் பல கைகளோடு யமன், பக்கத்தில் சித்திரகுப்தன். அவர்கள் தீர்ப்பளித்ததும் பாவிகளைத் தலைகீழாகக் கீழ்த்தட்டில் தள்ளுகிறார்கள்.

பௌத்தம் பின்னால் வந்தும் விஷ்ணுவை முற்றிலும் அப்புறப்படுத்தவில்லை. மேற்கு வாசல் கோபுரத்தில் எட்டுக் கை விஷ்ணு இன்றும் காவித் துணியும் ஊதுபத்தியுமாக வழிபாட்டில் இருக்கிறார்.

உச்சித் தளத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். மேலே துண்டு போர்த்திச் சமாளிக்க விடமாட்டார்கள். பௌத்தப் புனித நாட்களில் அத்தளம் மூடியிருக்கும், பயணத் தேதியை முன்பே சரிபாருங்கள். நுழைவுச்சீட்டு கோயில் வாசலில் கிடைக்காது, தனி அலுவலகத்திலோ இணையத்திலோ வாங்க வேண்டும். மூன்று நாள் சீட்டு எடுத்தால் இங்கே இரண்டு முறை வரலாம்.

இரண்டாம் வருகை மாலையில், மேற்குச் சுவருக்காக. தென்பாதியில் குருட்சேத்திரம்: இடமிருந்து கௌரவர், வலமிருந்து பாண்டவர், அம்புப் படுக்கையில் பீஷ்மர். தென்மேற்கு மூலை மண்டபத்தில் தாரையின் கைகளில் சாயும் வாலியும், வரிசை வரிசையாக அழும் குரங்குகளும். ஒவ்வொரு முகமும் வேறு. பிறகு திரும்பி வடபாதிக்கு வாருங்கள். இலங்கைப் போர் அங்கே. அனுமன் தோள்மேல் இராமன், பின்னால் இலக்குவனும் வீடணனும். சிங்கம் பூட்டிய தேரில் இருபது கை இராவணன். சூரியன் சாயும் நேரத்தில் அந்த இருபது கைகளும் தனித்தனியாக நிழல் விழ நிற்கும்.