பெட்டியை எப்போது திறப்பது

கார்கிலுக்கு முந்தைய போர்களில் இறந்த நம் வீரர்களில் பெரும்பாலானோரின் உடல் ஊருக்கு வரவில்லை. களத்திலேயே எரியூட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தது ஒரு தந்தி, பிறகு அவர் உடைமைகள் வைத்த ஒரு டிரங்குப் பெட்டி. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் 1971 டிசம்பரில் இருபது வயதில் அந்தத் தந்தியை வாங்கிய மனைவிகளுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முகம் பார்த்து அழவில்லை. அப்புறம் களையெடுப்பு, மாடு, கைப்பிள்ளை என்று ஓடியதில் அழவும் நேரமில்லை. பிள்ளைகள் கரையேறிய பிறகுதான் அந்தத் துக்கம் மேலே வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசல் கதவைத் திறந்து வைப்பார்கள். சோறு இறங்காது. "அப்பத்தாவுக்குப் புத்தி தடுமாறுது" என்பார்கள் வீட்டில்.

இப்படிப்பட்ட அம்மாக்களோடு துணைக்குப் போய்வரும் இந்தத் துக்கத்தை ஆற்ற எதை முதலில், எதைப் பிறகு செய்வது என்று நாங்கள் கண்ட வரிசையை இங்கே எழுதுகிறோம்.

முதலில் மருத்துவர். மறதி நோய், தைராய்டு, சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக முடியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆறு மாதத்துக்கு மேலும் ஆளை முடக்கிப்போடும் துக்கத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் தனியாகச் சேர்த்திருக்கிறது. மனச்சோர்வும் இதுவும் வேறுவேறு. தூக்க மாத்திரையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். தந்தி வந்த நாளில் ஆரம்பித்து அவரை முழுதாகச் சொல்லவிட்டுக் கேட்கும் ஆலோசகர் வேண்டும் என்று கேளுங்கள். இதற்கென்றே வகுத்த சிகிச்சை ஏறக்குறைய 16 அமர்வுகள் கொண்டது. நாலாவது வாரம் அழுகை கூடினால் பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து தாள்கள். இறந்த தேதி, இடம், எரித்த இடம் இந்த மூன்றும் தெரியாத வரைக்கும் மனசு அவரைத் தேடிக்கொண்டே இருக்கும். படை எண், பதவி, பெயர், யூனிட், மனைவி பெயர், ஊர், ஓய்வூதிய ஆணையின் நகல் இவற்றோடு அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மூலமாக அனுப்புவது நல்லது. "விவரம் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் ஓய்வூதிய விவரம்தான் வரும். மூன்று கேள்வியையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். கணவர் போரில் இறந்தவர் என்றால் கடைசிச் சம்பளம் முழுவதையும் கணக்கில் கொண்ட தாராளக் குடும்ப ஓய்வூதியம் வருகிறதா என்பதையும் ஆணையில் பாருங்கள். அந்த அலைச்சல் மகனோடு போகட்டும், அம்மாவை வரிசையில் நிறுத்தாதீர்கள்.

பதில் வரும்போது ஒரு சங்கடம் வரலாம். தந்தி வந்த நாளையே இறந்த நாளாக வைத்து ஐம்பது வருஷம் விளக்கேற்றியிருப்பார்கள், தாளில் ஆறேழு நாள் முந்தைய தேதி இருக்கும். "அந்த ஆறு நாளும் நான் சிரிச்சுக்கிட்டுல்ல இருந்தேன்" என்று ஓர் அம்மா கேட்டார். இதற்குச் சொல்ல பதில் கிடையாது, பக்கத்தில் உட்காரத்தான் வேண்டும். எந்தத் தேதியை வைத்துக்கொள்வது என்பது அவர் முடிவு.

பெட்டிதான் கடினமானது. காலையில், சாப்பிட்டு, பிரஷர் மாத்திரை போட்ட பிறகு திறங்கள். அமாவாசை வேண்டாம், வீடு நிறைய ஆளும் வேண்டாம். அவரும் அவர் கைகாட்டும் இன்னொருவரும் போதும். பூட்டு துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். சுத்தியலால் அடித்து உடைக்கும் சத்தம் அவருக்கு ஆகாது. தரையில் ஒரு வேட்டியை விரித்து, ஒவ்வொரு பொருளையும் அவர் கையாலேயே எடுக்கவிடுங்கள். கம்பளி ஸ்வெட்டரைப் பூச்சி அரித்திருக்கும், தூக்கினால் தூளாக உதிரும். அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். இன்லண்ட் கடிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். வெயிலும் தண்ணீரும் படாமல் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே நிழலில் வையுங்கள். பதக்கம் இருந்தால் விளிம்பையும் பின்பக்கத்தையும் பாருங்கள், படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். தாள் தொலைந்த வீட்டில் அதுவே ஆதாரம். 1971 போர்ப் பதக்கங்களில் பூர்வி ஸ்டார் என்றால் கிழக்குப் போர்முனை, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு.

அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. மருமகள் நல்லெண்ணத்தில் எல்லாத் துணியையும் துவைத்துக் காயப்போட்டுவிடுவார். பாச்சை உருண்டைக்கு அடியில் மிச்சமிருந்த கணவரின் வாசனை அந்த ஒரு அலசலில் போய்விடும். அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. ஒரு துணியையாவது துவைக்காமல் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வையுங்கள். பெட்டியோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். மேலே இருந்த சட்டையை மட்டும் பார்த்துப் பெட்டியை மூடிவிட்டு, அடுத்த மாதம் மறுபடி திறந்தவர்கள் உண்டு.

பிறகு ஒப்பாரி. மைக் செட்டோடு கூலிக்கு ஆள் பிடிக்காதீர்கள். அவர் வயதுக்காரிகள் நாலு பேர், மெட்டுத் தெரிந்தவர்கள், கட்டிப்பிடித்து உட்கார்ந்தால் போதும். ஒருத்தி எடுத்துக்கொடுத்தால் அவர் வாங்கிப் பாடுவார். பட்டினியோடு உட்காரவிடாதீர்கள். முடிந்ததும் சீரகத் தண்ணீர் கொடுங்கள்.

திதி கொடுக்க மதுரைக்குக் கிழக்கே வைகைக் கரையில் திருப்புவனம் இருக்கிறது. ஆங்கிலத் தேதியைக் கொண்டுபோனால் பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதி சொல்வார்கள். தேதியே கிடைக்காதவர்களுக்குப் புரட்டாசி மகாளய அமாவாசை. மகன் இல்லாத வீட்டில் பேரன் செய்யலாம். ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடாது, குடத்தில் கொண்டுபோங்கள்.

உடல் தாங்கும் என்று மருத்துவர் சொன்னால் டெல்லிக்கும் போகலாம். 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் திறப்பின்போதே 25,942 பெயர்களைக் கருங்கல்லில் பொறித்திருந்தார்கள். பெயருக்குக் கல் வேண்டும் என்பது நம் மண்ணில் பழைய வழக்கம். ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகல்லில், ஆகோள் பூசலில், அதாவது மாடு பிடிக்கும் சண்டையில், விழுந்தவன் பெயர் இன்றும் படிக்கும்படி இருக்கிறது. மதுரையிலிருந்து டெல்லி நிஜாமுதீனுக்கு சம்பர்க் கிராந்தி ரயிலில் ஏறக்குறைய இரண்டு நாள், கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள். எந்தச் சுவர், எந்த வரிசை என்று முன்கூட்டியே தேடி வையுங்கள். அங்கே போய்த் தேடினால் அவர் களைத்துவிடுவார். கல்லில் தமிழ் இருக்காது. அவர் விரலைப் பிடித்து எழுத்தெழுத்தாக நகர்த்தி, இது இன்ன எழுத்து என்று சொல்ல வேண்டும்.

இத்தனைக்குப் பிறகு சோறு இறங்கும், தூக்கம் வரும். வாசல் கதவு மட்டும் டிசம்பரில் மறுபடி திறக்கலாம். அந்த மாதம் யாராவது ஒருவர் திண்ணையில் படுத்துக்கொள்ளுங்கள்.