நிரல் புதிர்களை வாய்விட்டுப் போட்டுப் பழகுங்கள்

கடைசி ஆண்டு படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, வேலைக்கு மனுப் போடும் முன்னால எத்தனை புதிர் போட்டிருக்கணும்?" நிரல் புதிர்களுக்கான லீட்கோட் தளத்தில் 200 போதுமா, 500 வேண்டுமா என்று எண்ணிக்கையிலேயே எல்லாருக்கும் கவலை. எனக்கும் அந்தக் கவலை இருந்தது. முதல் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது என் கணக்கு 312. தோற்றுத் திரும்பினேன். அதற்கடுத்த நான்கு மாதத்தில் புதிதாக நாற்பது புதிர்கூடப் போடவில்லை, ஆனால் அடுத்த தேர்வில் வேலை கிடைத்தது. இடையில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தேர்வன்று கோலாலம்பூரில் செந்தூல் வீட்டிலிருந்து எல்ஆர்டி ரயில் பிடித்து, மஸ்ஜித் ஜாமெக்கில் ரயில் மாறி, அரை மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். பசியாறக்கூட இல்லை. அறையில் ஒரு வெள்ளைப்பலகை, எதிரே இரண்டு பேர். அவர்கள் கேட்டது லீட்கோடின் முதல் புதிரான 'டூ சம்': ஓர் எண் பட்டியலில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் கொடுத்த தொகை வரும்? பார்த்த உடனே கை தானாக எழுதியது. ஹேஷ் மேப் (பார்த்ததைக் குறித்துவைத்து உடனே தேடி எடுக்க உதவும் அட்டவணை) வைத்து மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டேன். அந்த மூன்று நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையோடு நின்றேன்.

அப்புறம் ஒருவர் கேட்டார்: "எண்கள் ஏற்கெனவே சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் இருந்தால் என்ன செய்வீர்கள்? கூடுதலாக நினைவகம் எடுக்கக் கூடாது." எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. விடை எளிது. ஒரு விரலைப் பட்டியலின் தொடக்கத்தில் வைக்க வேண்டும், இன்னொரு விரலைக் கடைசியில். இரண்டின் கூட்டுத்தொகை தேவைக்கு மேல் போனால் கடைசி விரலை ஒரு இடம் உள்ளே இழுக்க வேண்டும். குறைந்தால் முதல் விரலை ஒரு இடம் நகர்த்த வேண்டும். இரண்டும் சந்திப்பதற்குள் விடை உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்த 312-இல் இதுவும் ஒன்று, நானே போட்டதுதான். ஆனால் அதை வேறொரு புதிர், வேறொரு விடை என்று மனத்தில் வைத்திருந்தேன். ஹேஷ் மேப் எதற்காக வந்தது, வரிசை இருந்தால் அது ஏன் தேவையில்லை என்று ஒரு தடவைகூட எனக்கு நானே சொல்லிப் பார்த்ததில்லை.

எங்கள் அடுக்ககத்தில் ஓர் அக்கா இருக்கிறார். பல ஆண்டுகளாக மென்பொருள் துறையில் வேலை செய்பவர், ஆள் எடுக்கும் தேர்வுகளில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவர். நடந்ததைச் சொன்னேன். சனிக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வரச் சொன்னார். ரொட்டி சானாய் வருவதற்குள் நான் மடிக்கணினியைத் திறந்தேன்.

"அதை மூடு தம்பி. பத்துமலையில எத்தனை படி?"

"272, அக்கா."

"அதுல ஒரு படியை நான் மனசுல நினைச்சுக்கிட்டேன். நீ ஒரு படி சொல்லு. அதுதானா, மேலேயா, கீழேயான்னு மட்டும் சொல்வேன். அதிகமாப் போனா எத்தனை தடவையில பிடிப்பே?"

"பைனரி சர்ச், அக்கா."

"பேரை நான் கேட்கலையே. எத்தனை தடவை, ஏன்?"

சொல்லத் தெரியாமல் விழித்தேன். அவரே மெதுவாகச் சொல்ல வைத்தார். நடுப்படி 136-ஐச் சொன்னால், பிடிபடாவிட்டாலும் அதிகபட்சம் 136 படிதான் மிஞ்சும். அடுத்து 68, 34, 17, 8, 4, 2, 1. ஒன்பதாவது தடவை எப்படியும் பிடித்துவிடலாம். "சரி, படியில இருக்கிற எண்ணெல்லாம் கலைஞ்சு கிடந்தா இது நடக்குமா?" என்றார். நடக்காது, ஏனென்றால் மேலே, கீழே என்ற சொல்லுக்கே அப்போது அர்த்தம் இல்லை. அதைச் சொல்லும்போதுதான், அன்று அந்த அறையில் என்னிடம் என்ன கேட்டார்கள் என்பது எனக்குப் புரிந்தது. வரிசை என்ற ஒன்று கையில் இருந்தால் அதை வைத்து என்ன சம்பாதிக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். புதிரைப் படித்ததும் விசைப்பலகையைத் தொடுவதில்லை. தாளில், தமிழில், முழு வாக்கியமாக எழுதுவேன்: என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், என்ன சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். பிறகு கையாலேயே போடக்கூடிய சிறிய உதாரணம் ஒன்று. அதற்குப் பிறகு எந்த மூளையும் தேவைப்படாத மெதுவான வழி. இந்த மெதுவான வழியைப் பலர் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள். 'டூ சம்'மில் ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்ப்பது மெதுவான வழி. 10,000 எண்கள் இருந்தால் ஏறக்குறைய 50 மில்லியன் ஜோடிகள் வரும். பார்த்த எண்களை ஹேஷ் மேப்பில் போட்டுக்கொண்டே போனால் 10,000 எண்களை ஒரு முறை கடந்தால் போதும். இந்த இரண்டு கணக்கையும் அடுத்தடுத்துச் சொன்னால், ஹேஷ் மேப் ஏன் வந்தது என்று யாரும் உங்களைக் கேட்க வேண்டியே இருக்காது.

தமிழில் ஏன் என்றால், எனக்கு யோசனை வருவது தமிழில். நம் ஊரில் தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கும், நடுநடுவே மலாயும் கலக்கும். அதனால் முதலில் தமிழில் சொல்லித் தெளிந்த பிறகு அதையே ஆங்கிலத்தில் ஒரு முறை சொல்வேன். தமிழில் தடுமாறிய இடத்தில் ஆங்கிலத்திலும் தடுமாறுவேன். மொழி தெரியாததால் வரும் தடுமாற்றம் வேறு, விஷயம் புரியாததால் வருவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

கேட்க ஆள் இல்லாத நாளில் அம்மாவிடம் சொல்வேன். அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நிரல் எழுதத் தெரியாது. ஒருநாள் படி ஏறும் புதிரைச் சொன்னேன். ஒரு தடவைக்கு ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம் என்றால், 10 படிகளை எத்தனை விதமாக ஏறலாம்? கடைசி அடி ஒன்றாகவோ இரண்டாகவோதான் இருக்க முடியும், எனவே 9 படிக்கான விதங்களையும் 8 படிக்கான விதங்களையும் கூட்டினால் 10-க்கு விடை வரும் என்று விளக்கினேன். 1, 2, 3, 5, 8 என்று வளர்ந்து 89-இல் நிற்கும். அம்மா கேட்டுவிட்டு, "இது குறில் நெடில் மாதிரி இருக்கே. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு. பத்து மாத்திரையை எத்தனை விதமா நிரப்பலாம்னு கேட்டாலும் இதே கணக்குதானே?" என்றார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது, இந்த எண் வரிசைக்குப் பெயர் தந்த இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபோனாச்சி 1202-இல் எழுதுவதற்கு முன்பே, 12-ஆம் நூற்றாண்டில் சமண அறிஞர் ஹேமச்சந்திரர் யாப்பில் குறிலும் நெடிலும் அமையும் விதங்களை எண்ணப் போய் இதே எண் வரிசைக்கு வந்திருக்கிறார். அந்தப் புதிர் இனி எனக்கு மறக்காது. சொன்னால்தான் இப்படி ஒன்று திரும்பி வரும்.

இணையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் தயாராவதும் மனம் உடைவதும் அங்கேதான். லீட்கோடின் வாரப் போட்டி மலேசியாவில் நமக்கு ஞாயிறு காலை 10:30-க்கு வருகிறது, அது நல்ல நேரம். கோட்ஃபோர்சஸ் என்ற போட்டித் தளத்தின் சுற்றுகள் பெரும்பாலும் இரவு 10:35-க்குத் தொடங்கும். மறுநாள் வகுப்போ வேலையோ இருந்தால் அதற்காகக் கண் விழிக்காதீர்கள், அதே கேள்விகள் மறுநாளும் அங்கேயே இருக்கும். டிசம்பரில் நாளொரு புதிராக வரும் அட்வென்ட் ஆஃப் கோட் நமக்கு மதியம் 1 மணிக்குத் திறக்கிறது, சாப்பாட்டு நேரத்தில். எரிக் வாஸ்டல் என்பவர் 2015-இல் தொடங்கியது. 2024 வரை 25 நாள் நடந்தது, ஒவ்வொரு புதிரையும் முதலில் முடித்த 100 பேரின் பெயர் உலகப் பட்டியலில் வரும். நான் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டு இருந்த நாட்கள் உண்டு. எனக்கு ஒரு மணி நேரம் எடுத்ததை யாரோ இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பார். 2025-இல் அவர் புதிர்களை 12 நாளாகக் குறைத்து, அந்த உலகப் பட்டியலையும் எடுத்துவிட்டார். எனக்கு அது மிகவும் பிடித்த முடிவு. அந்தப் புதிர்களை நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போடலாம்.

இன்னொரு பக்கம், இந்தப் புதிர்களெல்லாம் வீண் என்று கேலிப் படங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு எப்போதும் காட்டும் சான்று மேக்ஸ் ஹவல். மேக் கணினியில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூ என்ற புகழ்பெற்ற கருவியை உருவாக்கியவர். வெள்ளைப்பலகையில் பைனரி மரத்தைத் திருப்பிப் போடும் புதிர் தெரியாததால் கூகுள் தம்மை எடுக்கவில்லை என்று 2015-இல் ட்விட்டரில் எழுதினார். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் அவரிடம் காட்ட ஹோம்ப்ரூ இருந்தது. படிப்பு முடித்துவிட்டு பிடிபிடிஎன் கல்விக் கடனோடு நிற்கும் நம்மிடம் காட்ட அப்படி ஒன்று இல்லாதபோது, நாம் எப்படி யோசிக்கிறோம் என்பதைக் காட்ட அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. அதை வீண் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

ஏஐ பற்றி ஒன்றே ஒன்று. விடை கேட்காதீர்கள். உங்கள் நிரலைக் கொடுத்து, "இது எந்த உள்ளீட்டில் தவறும்? ஓர் உதாரணம் மட்டும் சொல், திருத்தம் வேண்டாம்" என்று கேளுங்கள். எனக்கு மிகவும் உதவிய கேள்வி அது.

இனி இரண்டாவது தேர்வு. கேட்டது மிகச் சாதாரணம்: ஒரு சொல்லைத் திருப்பிப் படித்தாலும் அதே சொல்லாக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரியில் எழுதிவிடலாம். நான் பேனாவை எடுக்கும் முன் கேட்டேன்: பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டா? இடைவெளியைக் கணக்கில் எடுக்கணுமா? ஆங்கிலச் சொற்கள் மட்டும்தானா? கடைசிக் கேள்விக்கு அவர்கள் நிமிர்ந்தார்கள். "ஏன் கேட்கிறீர்கள்?" என்றார் ஒருவர். பலகையில் 'விகடகவி' என்று எழுதினேன்.

அவர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது. வி, க, ட, க, வி என்று ஐந்து எழுத்து, எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுதான் என்று காட்டினேன். ஆனால் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 'வி' என்பது வ என்ற ஒரு குறியீடும் இகரத்தின் கொக்கி என்ற இன்னொரு குறியீடும் சேர்ந்தது. ஆக மொத்தம் ஏழு. அந்த ஏழையும் அப்படியே திருப்பினால் கொக்கி முன்னால் வந்து நிற்கும், கடைசி வகரம் மொட்டையாகிவிடும். நிரல், இது விகடகவி இல்லை என்று சொல்லிவிடும். எத்தனையோ தலைமுறையாக மாலைமாற்று என்று பெயர் வைத்துப் பாடிய மொழிக்கு இப்படி ஒரு விடை வரக் கூடாது. திருத்தம் கடினமில்லை. ஒவ்வொரு குறியீட்டின் யூனிகோட் வகையையும் பார்த்து, அது 'எம்' (M) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அதைத் தனியே எண்ணாமல் முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட வேண்டும். அதன்பின் திருப்பினால் சரியாக வரும். 'கொ' போன்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். எனவே ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரணும். இதையெல்லாம் நான் முன்பே வீட்டில் போட்டுப் பார்த்து, அக்காவிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். நாற்பது நிமிடம் பேசினோம். பலகையில் எழுதியது எட்டே வரி.

மற்றவை சுருக்கமாக. விடையைப் பார்த்துப் போட்ட புதிரை ஒரு வாரம் கழித்து வெறும் தாளில் திரும்பப் போடுங்கள். வராவிட்டால் அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே போட்ட புதிரையே கேட்டால், தெரியும் என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில் அதற்கு மதிப்புத்தான் கூடியது. தேர்வன்று காலை கட்டாயம் பசியாறிவிட்டுப் போங்கள்.

இன்றைக்கே தொடங்க ஒரு புதிர் வேண்டும் என்றால் இதோ. ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் அதில் குறில் எத்தனை, நெடில் எத்தனை, மெய் எத்தனை என்று சொல்லும் நிரல் ஒன்று எழுதுங்கள். 'தமிழ்' என்று கொடுத்து நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும், அங்கிருந்தே வேலை ஆரம்பித்துவிடுகிறது. ஐகாரம் சொல்லுக்கு நடுவிலும் கடைசியிலும் குறுகுமே, அதை நெடில் என்று எண்ணுவதா? ஆய்தம் வந்தால்? தட்டச்சைத் தொடும் முன் உங்கள் பழைய தமிழாசிரியரை அழைத்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.