நான் பிடித்த முயலுக்கு எத்தனை பவுண்டு?

மாசசூசெட்ஸில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து ஊர்க் கண்காட்சியில் சூடாக ஆப்பிள் டோனட் கிடைக்கும் என்றுதான் கிளம்பினோம். போய் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய கொட்டகையில் முயல் போட்டி நடந்துகொண்டிருந்தது.

மேசைமேல் ஒரு வெள்ளைப் பந்து. எது முகம், எது முதுகு என்றே தெரியவில்லை. நடுவர் குனிந்து, டீயை ஆற்றுவதுபோல அதன் விலாவில் ஊதினார். ரோமம் வட்டமாக விலகி, அடியில் குன்றிமணி அளவுக்கு இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. தோல் எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ ரோமம் அவ்வளவு அடர்த்தியாம். நூலுக்காக வளர்க்கும் இந்த அங்கோரா வகை முயலுக்கு மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் ரோமத்துக்குத்தான்.

ஓரமாக ஒரு பாட்டி மடியில் முயலை வைத்து, உதிரும் ரோமத்தை அப்படியே பிடுங்கி ராட்டையில் நூற்றுக்கொண்டிருந்தார். முயல் கண்ணை மூடிக் கிடந்தது. கதை முழுக்க அவர் சொன்னதுதான்.

அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்துக்கு முதலில் அங்கோரா எல்லாமே ஒரே இனம். 1944இல்தான் இங்கிலீஷ், பிரெஞ்சு என்று இரண்டாகப் பிரித்தார்கள். இங்கிலீஷுக்கு நெற்றியில் முன்மயிரும் காது நுனியில் குஞ்சமும் வேண்டும். எடை ஏழரை பவுண்டைத் தாண்டக் கூடாது. பிரெஞ்சுக்கு முகம், காது, முன்னங்கால் எல்லாம் மொழுக்கென்று இருக்க வேண்டும். ஒன்றுக்கு அழகு, இன்னொன்றுக்குக் குறை! 1987இல் பளபளக்கும் சாட்டின் வகையும் சேர்ந்தது.

எனக்குப் பிடித்தது ஜெர்மன் அங்கோராவின் கதை. ஜெர்மனியில் குஞ்சத்தைவிட நிறுவைக்குத்தான் மதிப்பு. சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரித்து, எத்தனை கிராம் தேறியது என்று பார்ப்பார்கள். (நான் குல்லுவில் வாங்கிய சால்வையும் இந்த வகை ரோமம்தான், இமாச்சலில் வளர்ப்பது ஜெர்மன் அங்கோரா.) அமெரிக்கச் சங்கமோ உடல்வாகு ஏற்கெனவே உள்ள இனத்தைப்போல இருக்கிறது என்று அதைத் தனி இனமாக ஏற்கவில்லை. இதே மாநிலத்தில் டான்டன் ஊரைச் சேர்ந்த லூயிஸ் வால்ஷ் விடவில்லை. ஜெர்மனோடு பிரெஞ்ச் லாப், பிளெமிஷ் ஜயன்ட் என்ற இரண்டு பெரிய முயல் இனங்களையும் கலந்து, உடம்பையே மாற்றிவிட்டார். அப்படிப் பிறந்த ஜயன்ட் அங்கோராவுக்கு 1988இல் அங்கீகாரம். அதுவும் செங்கண் வெள்ளைக்கு மட்டும். கறுப்பைப் பிறகுதான் சேர்த்தார்கள். காகிதத்துக்குத் தகுந்தபடி ஒரு முயல்! நம்மூரில் மூன்று காலோடு நிறுத்திக்கொள்கிறோம்.

"இதை மேசையில் ஏற்றவில்லையா?" என்று கூண்டில் இருந்த இன்னொரு முயலைக் காட்டிக் கேட்டேன்.

"அது ஜெர்மன்" என்றார் பாட்டி. "இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை. ஆனால் வீட்டில் அதிக நூல் தருவது அதுதான்."

மழை விட்டபோது டோனட் தீர்ந்துபோயிருந்தது. என் கறுப்புக் கோட்டு முழுக்க வெள்ளை ரோமம். அதைக் கழற்றி டிக்கியில் போட்ட பிறகுதான் அக்கா காரில் ஏறவிட்டாள்.