0 < எக்ஸ் ≤ ஏ: கண் படித்ததும் கணினி படித்ததும்

ஸ்லைடரை நகர்த்தினால் வடிவம் மாறும் வரைபடம் ஒன்றைச் செய்ய முனைந்தேன். எக்ஸ் சுழியத்தைவிடப் பெரிதாகவும் ஏ-ஐ மிஞ்சாமலும் இருந்தால் எக்ஸின் வர்க்கம், ஏ-ஐத் தாண்டினால் 2எக்ஸ், மற்ற இடங்களில் சுழியம். ஏ-இன் மதிப்பை ஸ்லைடர் தரும். திரையில் தெரியும் சூத்திரமும் வரைபடத்தை இயக்கும் சூத்திரமும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று எண்ணி, வலைப்பக்கத்தில் கணிதச் சூத்திரங்களை எழுத உதவும் மேத்எம்எல் குறிமொழியில் அதை எழுதினேன்.

அதில் தோற்றத்துக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என இருவகைக் குறியீடுகள் உண்டு. முதலில் கையாண்டது தோற்றத்துக்கான குறியீட்டை. மாறிக்கு எம்ஐ, எண்ணுக்கு எம்என், செயற்குறிக்கு எம்ஓ என்ற குறிச்சொற்கள். சிறியது என்னும் குறியை அப்படியே இடாமல் ஆம்பர்சண்ட், எல்டி, அரைப்புள்ளி என எழுத வேண்டும் என்பதைத் தவிர அதில் தொல்லை ஏதும் இல்லை. குரோம் உலாவியும் 2023-இல் வந்த 109-ஆம் பதிப்பிலிருந்து மேத்எம்எல்லைத் தானே காட்டிவிடுகிறது.

சிக்கல், அந்தக் குறிகளைக் கோத்து, உலாவியில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தபோது எழுந்தது. ஏ 1-ஐ எட்டியதும் வரைபடம் முழுவதும் வர்க்கமாகிவிட்டது. 1-க்குக் கீழே இறக்கினால், எங்கே வர்க்கம் இருக்கக்கூடாதோ அந்த இடப்பக்கத்தில் மட்டும் அது நின்றது. ஸ்லைடர் இல்லாத படமாக இருந்திருந்தால் இந்தத் தலைகீழ் மாற்றம் கண்ணில் பட்டே இருக்காது. ஜாவாஸ்கிரிப்ட் முதலில் 0 < எக்ஸ் என்பதை மட்டும் கணித்து, கிடைக்கும் உண்மையை 1 ஆகவும் பொய்யை 0 ஆகவும் கொண்டு, அந்த 1 அல்லது 0-வைத்தான் ஏ-உடன் ஒப்பிடுகிறது. எக்ஸ் அந்த ஒப்பீட்டுக்குள் வருவதே இல்லை.

ஆகவே பொருளுக்கான குறியீட்டுக்கு மாறினேன். மாறி சிஐ ஆனது. நிபந்தனை, ஆண்ட் (இரண்டும் உண்மை) என்பதன் கீழ் எல்டி (சிறியது) ஒன்றும் லெக் (சிறியது அல்லது சமம்) ஒன்றுமாகப் பிரிந்தது. மூன்று கிளைகளும், நிபந்தனைக்கேற்ப மதிப்பு மாறும் சார்பைக் குறிக்கும் பீஸ்வைஸ் உறுப்புக்குள் அடங்கின. எழுத்து நீண்டது, மயக்கம் தீர்ந்தது. உலாவி இந்தக் குறியீட்டைச் சூத்திரமாக வரைந்து காட்டாது என்பதால், இதிலிருந்தே தோற்றக் குறியீட்டையும் ஜாவாஸ்கிரிப்டையும் உருவாக்கும் சிறு நிரலையும் எழுதினேன்.

அதன்பின் சிக்கியது என் சொந்தக் கவனக்குறைவு. இரண்டாம் கிளையிலும் சமக்குறியைச் சேர்த்திருந்தேன். பீஸ்வைஸில் கிளைகளின் வரிசைக்குப் பொருள் இல்லை. இரு நிபந்தனைகள் ஒருசேர உண்மையாகி மதிப்புகள் வேறுபட்டால் சார்பு அங்கே வரையறுக்கப்படாததாகிறது. நான் சோதித்ததோ ஏ = 2 என வைத்து; அங்கே வர்க்கமும் 4, இருமடங்கும் 4!

எல்லையில், அதாவது எக்ஸ் ஏ-க்குச் சமமாகும் இடத்தில், நிரம்பிய வட்டம் காட்டும் நிபந்தனை மட்டும் எஞ்சியது. 0.1-ஐ மூன்று முறை கூட்டினால் கணினியில் 0.3 சரியாக வராது. எனவே எக்ஸும் ஏ-வும் சமமா என்று கேட்பதை விட்டு, வித்தியாசம் 0.000001-க்குக் குறைவா என்று எழுதினேன். வட்டம் இப்போது 0.3-இலும் தோன்றுகிறது.