பழைய பி450 போர்டுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

மொத்த கம்ப்யூட்டரையும் ஒரே நாளில் மாற்றுகிறவர்களுக்கு கிராபிக்ஸ் கார்டு தேர்வு சுலபம், பட்ஜெட்டுக்குள் எது வேகமோ அதை எடுத்துவிடலாம். என்னைப் போல போனஸ் வந்தால் ஒரு பாகம், தீபாவளிக்கு ஒரு பாகம் என்று மாற்றிக்கொண்டே வருபவர்களுக்கு அந்தக் கணக்கு சரிவராது. வாங்கும் கார்டு முதலில் பழைய போர்டில் (மதர்போர்டில்) இரண்டு மூன்று வருடம் ஓட வேண்டும், அப்புறம் புதுப் போர்டுக்கும் போய் அங்கேயும் தாக்குப்பிடிக்க வேண்டும். யூடியூப் ரிவ்யூக்கள் எல்லாம் இருப்பதிலேயே வேகமான ப்ராசஸரையும் புத்தம்புது போர்டையும் வைத்து எடுத்தவை. கார்டை மட்டும் தனியாக அளக்க அப்படித்தான் செய்ய வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்த எண்கள் நம் வீட்டில் அப்படியே வராது. எந்தக் கார்டு நம் போர்டில் எவ்வளவு வேகத்தை இழக்கும் என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய விஷயம்.

என்னுடையது ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். எஸ்எஸ்டி முதலில் வந்தது, அப்புறம் ரேம், போன வருடம் 1440பி மானிட்டர். மானிட்டர் வந்த பிறகு 6 ஜிபி கார்டு மூச்சுத் திணற ஆரம்பித்தது. அதோடு 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சம், நிழலை வரைவது) வசதி உள்ள கார்டு இல்லாவிட்டால் ஓடாது என்று சொல்லிவிட்டன. 1660-இல் அந்த வசதி கிடையாது. செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்கும் வழியும் அடைந்துவிட்டது.

காசு எடுத்து வைப்பதற்கு முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். நீங்கள் ஆடும் கேமில் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள், மற்ற செட்டிங்ஸைத் தொட வேண்டாம். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) எகிறினால் கார்டுதான் தடை. அப்படியே நின்றால் தடை ப்ராசஸரில் இருக்கிறது, எவ்வளவு விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் அந்த கேமில் பெரிய மாற்றம் தெரியாது. வாலரன்ட், சிஎஸ் 2 மட்டுமே ஆடுகிற நிறையப் பேருக்கு இந்த இரண்டாவது பதில்தான் வரும், அவர்கள் முதலில் ப்ராசஸரைப் பார்ப்பது நல்லது.

இனி லேன் விஷயம். கார்டையும் போர்டையும் இணைக்கும் வழிக்கு பிசிஐஇ என்று பெயர், 3.0, 4.0 என்பவை அதன் தலைமுறைகள். அதிலுள்ள ஒவ்வொரு தடமும் ஒரு லேன், எக்ஸ்16 என்றால் பதினாறு லேன். கார்டு செருகும் ஸ்லாட் நீளமாக எக்ஸ்16 அளவில் இருந்தாலும், இப்போதைய நடுத்தர விலை கார்டுகளில் பலவற்றுக்கு எட்டு லேன் மட்டும்தான். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 6600, 7600, இன்டெல் ஆர்க் பி580 எல்லாமே எக்ஸ்8. புதுப் போர்டில் இது பெரிய குறையில்லை, பிசிஐஇ 4.0-இல் எட்டு லேன் என்றால் நொடிக்குச் சுமார் 16 ஜிபி போகும். பி450 போர்டு பிசிஐஇ 3.0. அதே எட்டு லேன் இங்கே சுமார் 8 ஜிபிதான் கடத்தும்.

நொடிக்கு 8 ஜிபி என்ற அந்த வேகம் எப்போது உறுத்தும்? கார்டின் சொந்த மெமரி, அதாவது விரேம், நிரம்பி வழியும்போது. 8 ஜிபி மெமரி உள்ள கார்டில் கேமுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டால் மிச்சத்தை விண்டோஸ் கம்ப்யூட்டர் ரேமில் கொண்டுபோய் வைக்கும், கார்டு ஒவ்வொரு முறையும் பிசிஐஇ வழியாகப் போய் அதை எடுத்து வர வேண்டும். 5060 டிஐ தன் சொந்த மெமரியிலிருந்து நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் படிக்கக் கூடியது. நான்கு வழிச் சாலையில் வந்த வண்டி சந்துக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிடும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத்தான் காட்டும், ஆனால் திரும்பும் இடத்தில் எல்லாம் படம் ஒரு கணம் தடுக்கும், சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டர் பக்கத்தில் போய் நின்றாலும் மங்கலாகவே கிடக்கும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்தால் டெடிகேட்டட், ஷேர்டு என்று இரண்டு மெமரி அளவு தெரியும். கேம் ஓடும்போது முதலாவது உச்சியில் ஒட்டிக்கொண்டு இரண்டாவது ஏறிக்கொண்டே போனால் நடப்பது இதுதான்.

இதன் மோசமான உதாரணம் 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 4 ஜிபி மெமரி, நான்கே லேன். பிசிஐஇ 4.0 போர்டில் ஏதோ ஓடிய அந்தக் கார்டு 3.0 போர்டில் பல கேம்களில் படுத்துவிட்டது. மலிவான கார்டு என்று அதைத் தேடிப்போனவர்கள் பெரும்பாலும் பழைய போர்டு வைத்திருந்தவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இப்போது 1440பி மானிட்டருக்காக 8 ஜிபி, எட்டு லேன் கார்டை பிசிஐஇ 3.0 போர்டில் போடுவதும் அதே வழியில் போவதுதான்.

நான் எடுத்தது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. 2025 ஜூனில் வந்தது. இந்த விலையில் புதிதாகக் கிடைப்பவற்றில் பதினாறு லேனும் உள்ள கார்டு என்பதுதான் என்னை இழுத்தது, பி450-இலும் அதற்கு நொடிக்குச் சுமார் 16 ஜிபி கிடைக்கும். மெமரி 16 ஜிபி என்பதால் வழிவதே அபூர்வம். டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்து ஆடும்போது 10 ஜிபி தாண்டிப் போவதை நானே பார்க்கிறேன், படம் தடுக்கவில்லை. இதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, கவனம். அறிவித்த விலை 8 ஜிபி-க்கு 299 டாலர், 16 ஜிபி-க்கு 349. நம்மூரில் 18 சதவீத ஜிஎஸ்டியும் கடைக்காரர் லாபமும் சேர்ந்து விலை எங்கேயோ போனாலும், அந்த 50 டாலர் வித்தியாசத்துக்கு ஈடான தொகையைக் கொடுத்துப் பெரியதை வாங்குவதுதான் இந்த விலையில் செய்யக்கூடிய நல்ல செலவு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பெட்டியில் 16 ஜிபி என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்பவர்கள், டிஎல்எஸ்எஸ் (சிறிய ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியா நுட்பம்) உள்ள கேம்களையே அதிகம் ஆடுபவர்கள் 5060 டிஐ 16 ஜிபி-க்குப் போகலாம். எட்டு லேன்தான், ஆனால் மெமரி நிறைய இருப்பதால் பிசிஐஇ 3.0-இல் அவ்வளவாக அடி வாங்காது. ஏஎம்டியின் இதே மாதிரி நுட்பமான எஃப்எஸ்ஆர் 4 படத்தரத்தில் நன்றாக முன்னேறியிருந்தாலும், டிஎல்எஸ்எஸ் வேலை செய்யும் கேம்கள் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆர்க் பி580 எனக்குப் பிடித்த கார்டு, 249 டாலருக்கு 12 ஜிபி கொடுத்த துணிச்சலுக்காகவே. ஆனாலும் பழைய ப்ராசஸர்காரர்களுக்குச் சொல்ல மாட்டேன். அதன் டிரைவர் ப்ராசஸரை நிறைய வேலை வாங்குகிறது, ரைசன் 5 3600 மாதிரியானவற்றில் வேகம் கணிசமாகக் குறைவதை 2025 தொடக்கத்திலேயே பலர் சோதித்துக் காட்டிவிட்டார்கள். ரீசைஸபிள் பார் (ப்ராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே தடவையில் அணுக விடும் வசதி) இல்லாத போர்டில் இன்னும் மோசம்.

பழைய கார்டு வாங்கத் துணிந்தால் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி தேடுங்கள், பதினாறு லேன், 170 வாட். கடையிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்து, விசிறிச் சத்தத்தையும் சூட்டையும் கவனித்துவிட்டு வாங்குங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பற்றி நம்மூரில் யாரும் பேசுவதில்லை, மின்னழுத்தம் இந்த ஆட்டம் ஆடும் ஊரில் அதைத்தான் முதலில் பேச வேண்டும். 9060 எக்ஸ்டி 16 ஜிபி-க்கு 160 வாட், 5060 டிஐ-க்கு 180. நல்ல தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் இருந்தால் இரண்டுமே தாராளமாக ஓடும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் கார்டுக்கு முன் அதை மாற்றுங்கள், கார்டு ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. கேபினெட்டின் உள்நீளத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள், மூன்று விசிறி கார்டுகளில் சில 30 செ.மீ-ஐத் தாண்டுகின்றன.

போட்ட பிறகு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பஸ் இன்டர்பேஸ் என்ற வரியைப் பாருங்கள். எனக்கு எக்ஸ்16 3.0 என்று காட்டுகிறது. சும்மா இருக்கும்போது எண் குறைவாகத் தெரியலாம், பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி சோதனையை ஓட விட்டால் உண்மையான எண் வரும். அங்கே எக்ஸ்4 என்று இருந்தால் கார்டு அநேகமாகக் கீழ் ஸ்லாட்டில் செருகப்பட்டிருக்கும், ப்ராசஸருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது ப்ராசஸர். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்த பிறகு ஏஎம்5 (ஏஎம்டியின் புது ப்ராசஸர் சாக்கெட்), டிடிஆர்5 ரேம் பக்கம் போகும் எண்ணத்தை ஒத்திவைத்துவிட்டேன். இதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ் உட்காரும், இருக்கிற ரேமே போதும். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டை மட்டும் 3600 சாக்கெட்டில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும், அதைக் கழற்றிவிட்டால் பழைய பயாஸ் உள்ள போர்டு புது ப்ராசஸரை அடையாளம் காணாது.