4 விநாடிக்கு 32 மீட்டர்

ஜூலை 8, திங்கள்

அக்கா மகள் பிளஸ் ஒன் இயற்பியல் நோட்டோடு வந்தாள். உராய்வில்லாத தரையில் 2 கிலோ கட்டை, ஓய்விலிருந்து கிளம்புகிறது, அதைத் தள்ளும் விசை சீராக ஏறிக்கொண்டே போகிறது: 1 விநாடியில் 6 நியூட்டன், 2 விநாடியில் 12, இப்படியே. 4 விநாடியில் வேகம் என்ன, தூரம் என்ன? கடைசி விசை 24, முடுக்கம் 12, அதை அப்படியே சூத்திரத்தில் போட்டு வேகம் 48, தூரம் 96 என்று எழுதியிருந்தாள். அந்தச் சூத்திரங்கள் முடுக்கம் மாறாதபோது மட்டும்தான் செல்லும். கட்டைக்கு 12 கிடைத்ததே கடைசிக் கணத்தில்தான்.

ஜூலை 9, செவ்வாய்

"அப்போ சராசரி எடுத்தா, மாமா?" அருமையான கேள்வி. சராசரி முடுக்கம் 6, வேகம் 24, சரியான விடை. அதே சராசரியை வைத்துத் தூரம் போட்டால் 48 வருகிறது, அது தப்பு. கிராஃப் தாளில் வரைந்தோம். முடுக்கத்தின் கோட்டுக்குக் கீழே முக்கோணம், அதன் பரப்புதான் வேகம், 24. ஆனால் வேகத்தின் கோடு வளைகிறது: 1.5, 6, 13.5, 24. சராசரிக் கணக்கு 2-ஆவது விநாடியிலேயே 12 தந்துவிடும், நிஜத்தில் 6தான். தொடக்கத்தில் கட்டை ஊர்ந்த நேரத்தைச் சராசரி மறைத்துவிடுகிறது. வேகக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் தூரம். அதைப் பென்சில் முனையால் கட்டம் கட்டமாக எண்ணினாள், பாதிக் கட்டங்களை ஜோடி சேர்த்து, கிட்டத்தட்ட 32. அப்புறம் தொகையிட்டு, அதாவது பரப்பை மிகச் சிறிய துண்டுகளின் கூட்டலாகக் கணக்கிட்டுக் காட்டினேன், சரியாக 32. எண்ணியதும் தொகையிட்டதும் ஒரே வேலைதான் என்று அவளே சொன்னாள், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 12, வெள்ளி

சாயங்காலம் மழை. 2 மில்லிமீட்டர் துளியை எடுத்துக்கொண்டோம். 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து காற்றில்லாமல் விழுந்தால் விநாடிக்கு 140 மீட்டர் வேகத்தில் தலையில் இறங்கும், காற்றுத் தடை இருப்பதால் வேகம் சுமார் 6.5-க்கு மேல் ஏறுவதில்லை. தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதாக வைத்து, 0.1 விநாடி துண்டுகளாக நடந்தோம்: இந்தக் கணத்தின் முடுக்கத்தைக் கண்டுபிடி, அந்தத் துண்டு முழுக்க அதுவே இருப்பதாக வைத்துக்கொள், புது வேகம், மறுபடி முடுக்கம். கணித மேதை ஆய்லர் 1768-இல் அச்சிட்ட வழி. 0.98, 1.94, 2.83... பத்தாவது வரியில், அதாவது 1 விநாடி முடிவில், 6.05. துல்லியமான விடை 5.89. ஏன் கூடுதல்? ஒவ்வொரு துண்டின் நடுவிலும் காற்று முடுக்கத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது, நாம் துண்டின் தொடக்க மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். எக்செலில் 0.01 விநாடியாக நறுக்கி 100 வரி இழுத்தாள். 5.91.